பத்தாவது முடித்த மகளை ஐடிஐயில் சேர்க்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் சென்னிமலைப் பக்கம். வீட்டுக்காரர் கைத்தறியில் போர்வை நெய்கிறார். நான் வீட்டிலேயே தையல் வேலை எடுத்துச் செய்கிறேன். மகள் அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்து 338 மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். கணக்கில் 74, ஆங்கிலத்தில் 47. சின்ன வயதிலிருந்தே எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருப்பாள். என் தையல் மெஷின் நூல் அறுத்தால் அவள்தான் சரி செய்வாள். ஐடிஐயில் சேர்ந்து மெஷின் வேலை படிக்கிறேன் என்கிறாள். பள்ளியில் பிளஸ் ஒன் காமர்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள். என் கொழுந்தனார், "பெயிலாப் போன பசங்க போற இடம், பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இரும்பு வேலை" என்று சத்தம் போடுகிறார். நடுவில் ஒருவர் வீட்டுக்கே வந்து, 45,000 ரூபாய் கட்டினால் ஒரே வருடத்தில் டிப்ளமோ, வேலையும் நிச்சயம் என்கிறார். ஐடிஐ சேர்த்தால் அவள் படிப்பு அத்தோடு நின்றுபோகுமா? எங்களுக்கு ஒரு பையனும் இருக்கிறான், ஏழாவது படிக்கிறான். அதிகம் செலவு செய்ய வழியில்லை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். ஐடிஐயில் சேர்த்தால் படிப்பு நிற்காது. சரியான டிரேடை, அதாவது தொழிற்பிரிவை, எடுத்தால் அங்கிருந்து டிப்ளமோவுக்குப் போகலாம், டிப்ளமோவிலிருந்து பி.இ.க்கும் போகலாம். அப்படிப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். அரசு ஐடிஐக்களில் 28 வருடம் பயிற்சி அலுவலராக வேலை பார்த்தவன் நான். முதலில் ஃபிட்டர், பிறகு மெஷினிஸ்ட். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மகளுக்குக் கைவேலை ஒத்துவருமா என்று கண்டுபிடிக்க மதிப்பெண் பட்டியல் உதவாது. பட்டறைக்குள் கூட்டிப்போய்க் காட்டினால்தான் தெரியும். அங்கே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், அப்போதுதான் நான் சொல்வது உங்களுக்குப் பிடிபடும்.

ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எதில் சேர்ந்தாலும் முதல் சில வாரம் பெரிய மெஷினில் கை வைக்க விடமாட்டோம். வைஸில், அதாவது இரும்பை இறுக்கிப் பிடிக்கிற கருவியில், ஒரு இரும்புத் துண்டைப் பூட்டி, கையில் ஒரு அரத்தைக் கொடுத்துவிடுவோம். அந்தத் துண்டின் ஒரு பக்கத்தைச் சமமாக ராவ வேண்டும், பிறகு அதற்கு நேர் செங்குத்தாக இன்னொரு பக்கத்தை. ராவி முடித்ததும், செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்கிற டிரை ஸ்கொயரை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்க்கச் சொல்வோம். இரும்புக்கும் ஸ்கொயருக்கும் நடுவே வெளிச்சம் கோடாகத் தெரிந்தால் வேலை இன்னும் முடியவில்லை. மறுபடியும் வைஸில் பூட்டு, மறுபடியும் ராவு. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நடுப்பகுதியை மேடாக்கிவிடுவார்கள், ஏனென்றால் அரம் கையில் ஊஞ்சல் மாதிரி ஆடும். அந்த ஆட்டம் அடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, காய்த்துப்போகும்.

ஒரு வருடம் 20 பேர் இருந்த பிரிவில் ஒரே ஒரு பெண் சேர்ந்தாள். விவசாயக் குடும்பம், பத்தாவதில் முந்நூறுக்கும் குறைவு. நான்காம் நாள் கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். "நாளைக்கு வேணா வீட்ல இரும்மா" என்றேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு அரத்தை எடுத்தாள். மூன்றாவது வாரம் ஒரு மதியம் துண்டையும் ஸ்கொயரையும் என் கையில் கொடுத்துவிட்டு எதுவும் பேசாமல் நின்றாள். தூக்கிப் பார்த்தேன். ஒரு கோடு வெளிச்சம் இல்லை. அந்தப் பிரிவில் முதலில் முடித்தது அவள்தான். பின்னால் கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிலையத்தில் ஒரு வருடப் பயிற்றுநர் பயிற்சி முடித்து, இப்போது அவளும் சொல்லிக்கொடுக்கிற வேலையில் இருக்கிறாள்.

அதே வருடம் 430-க்கு மேல் வாங்கிய பையன் ஒருவன் வந்தான். அப்பா கட்டாயப்படுத்திச் சேர்த்தது. நல்ல பிள்ளை, தியரியில் எதைக் கேட்டாலும் சொல்லுவான். ஆனால் பட்டறைக்குள் நுழைந்தாலே முகம் வாடிவிடும். நான்கு மாதத்தில் போய்விட்டான். தப்பு அவன் மேல் இல்லை. சேர்ப்பதற்கு முன் அவனை யாரும் ஒரு தடவைகூடப் பட்டறைக்குள் கூட்டிவந்து காட்டவில்லை, அவ்வளவுதான். அதனால் உங்கள் கொழுந்தனாரிடம் சொல்லுங்கள்: பெயிலானவர்கள் வருகிற இடம் என்றால் அந்தப் பையன் ஏன் தங்கவில்லை, அந்தப் பெண் எப்படித் தங்கினாள்? உங்கள் மகளைப் பற்றி நீங்கள் எழுதியதில் 338-ஐ நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நூல் அறுக்கிற தையல் மெஷினை உட்கார்ந்து சரி செய்கிறாள் என்று எழுதினீர்களே, அங்கேதான் என் கண் நின்றது. அதற்குப் பொறுமை வேண்டும், எது எதை இழுக்கிறது என்று மனதுக்குள் ஓடவும் வேண்டும்.

சரி, இப்போது எந்த டிரேடு என்பது.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐடிஐயில் ஒரு வருட டிரேடும் உண்டு, இரண்டு வருட டிரேடும் உண்டு. வெல்டர் ஒரு வருடம். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் எல்லாம் இரண்டு வருடம். மேலே படிக்கும் எண்ணம் துளியாவது இருந்தால் இரண்டு வருட டிரேடையே எடுக்க வேண்டும். பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருட ஐடிஐ முடித்தால்தான் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர முடியும். அப்புறம், பத்தாவது முடித்து இரண்டு வருட ஐடிஐயும் முடித்தவர்கள் தமிழ், ஆங்கில மொழிப் பாடத் தேர்வுகளை மட்டும் தனியாக எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்று கொடுக்க அரசு வழி செய்திருக்கிறது. நிறையப் பேருக்கு இது தெரியாது. தெரியாததால், ஐடிஐ முடித்த கையோடு பிளஸ் டூவைப் பிரைவேட்டாக முதலிலிருந்து எழுதி வருடத்தை வீணாக்குகிறார்கள். உங்கள் மகள் ஐடிஐ படிக்கும்போதே ஆங்கிலத்துக்கு வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கிவிடட்டும். 47 என்பது பயப்படுகிற மார்க் இல்லை, ஆனால் அப்படியே விட்டுவிடுகிற மார்க்கும் இல்லை.

மெஷின் வேலை என்கிறாள் என்றால் டர்னர் அல்லது மெஷினிஸ்ட். டர்னருக்கு லேத்து என்கிற கடைசல் மெஷின்தான் உலகம். சுற்றுகிற இரும்பில் டூல் நின்று சீவும். மெஷினிஸ்டுக்கு லேத்தோடு மில்லிங், கிரைண்டிங் எல்லாம் வரும், டூல் சுற்றும். இரண்டிலும் இரண்டாம் வருடம், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி மெஷின் உண்டு. கணக்கில் 74 வாங்கியவள் என்பதால் நான் மெஷினிஸ்ட் பக்கம் சாய்வேன். கோணம், பல்சக்கரக் கணக்கு எல்லாம் அதில் அதிகம், அவளுக்கு அலுக்காது. ஃபிட்டர் கிடைத்தாலும் தயங்க வேண்டாம், தொழிற்சாலை எதிலும் ஃபிட்டருக்கு இடம் இருக்கும்.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்திருக்கிறார்கள். அந்தக் கட்டடங்களுக்குள் போனால் ரோபோ கை, புது சிஎன்சி, மின்வாகனம் எல்லாம் பார்க்கலாம். அங்கே புதுப் பெயர்களில் டிரேடுகள் இருக்கின்றன. அட்வான்ஸ்டு சிஎன்சி மெஷினிங் டெக்னீஷியன் இரண்டு வருடம். ரோபாட்டிக்ஸ் டெக்னீஷியன் ஒரு வருடம். ரோபோ என்ற பெயரைப் பார்த்துப் பிள்ளைகள் மயங்குவது இயல்பு. நான் ஒரு வருட டிரேடைக் குறை சொல்லவில்லை. ஏற்கெனவே ஃபிட்டரோ எலக்ட்ரீஷியனோ முடித்தவன் அதைக் கூடுதலாகப் படித்தால் அருமையாக இருக்கும். பத்தாவது முடித்து நேரே வருகிற பிள்ளைக்கு அடித்தளம் முதலில், அழகுப் பெயர் அப்புறம்.

பாடப் புத்தகம் பற்றியும் கவலை இருக்கும். கிண்டியில் நிமி என்று ஒரு மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. ஐடிஐ டிரேடுகளுக்கான தியரி, செய்முறைப் புத்தகங்களை அவர்கள்தான் போடுகிறார்கள். முக்கியமான டிரேடுகளுக்குத் தமிழிலும் கிடைக்கும். தேர்வையும் தமிழில் எழுதலாம். ஆங்கிலத்துக்குப் பயந்து தொழிலை விட வேண்டிய நிலைமை ஐடிஐயில் இல்லை.

பாலிடெக்னிக் கொஞ்சம் வேறு மாதிரி, அதனால்தான் அதைத் தனியாகச் சொல்கிறேன். பத்தாவது மதிப்பெண்ணை வைத்து மூன்று வருட டிப்ளமோவில் நேரடியாகச் சேரலாம். அரசு பாலிடெக்னிக்கில் கட்டணமும் உங்களால் கட்டக்கூடியதுதான். கோவையில் பெண்களுக்கென்றே ஒரு அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. அங்கே எந்தெந்தப் பிரிவு என்று விசாரியுங்கள், மெக்கானிக்கல் பக்கம்தான் வேண்டுமென்றால் இருபாலர் படிக்கும் மற்ற அரசு பாலிடெக்னிக்குகளையும் பாருங்கள். டிப்ளமோ முடித்தவருக்குச் சூப்பர்வைசர் நிலையில் ஆரம்பிக்கிற வாய்ப்பு ஐடிஐயை விட அதிகம், அதை மறைக்கக் கூடாது. ஆனால் முதல் வருடம் முழுக்கக் கணக்கு, இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், வரைபடம் என்று ஓடும். பட்டறை கொஞ்சம்தான். தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் நிறையப் பேர் அந்த முதல் வருடத்தில்தான் அரியர் வைக்கிறார்கள். வைத்த அரியர் கடைசி வரை பின்னால் வரும். படிப்பு வராதவர்கள் இல்லை அவர்கள். சிஸ்டம் பழகுவதற்குள் முதல் இரண்டு செமஸ்டர் போய்விடுகிறது.

உங்கள் மகள் இரண்டு வருடம் ஐடிஐ முடித்து, பிறகு டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் மொத்தம் நான்கு வருடம். நேராகப் போனால் மூன்று. ஒரு வருடம் கூடுதல்தான். ஆனால் அந்த நான்கு வருடத்தின் முடிவில் அவள் கையில் இரண்டு சான்றிதழ் இருக்கும், வரைபடத்தைப் பார்த்ததும் இதை எந்த மெஷினில் எப்படிப் பிடிப்பது என்று கண்ணுக்குத் தெரியும். லேத்தைத் தொட்டுப் பழகியவன் டிப்ளமோ வகுப்பில் உட்காரும்போது ஆங்கில வார்த்தை தடுத்தாலும் பொருள் தடுக்காது. நடுவில் வீட்டில் பணக்கஷ்டம் வந்தாலும் இரண்டாம் வருட முடிவிலேயே சம்பாதிக்க வழி இருக்கும். ஏழாவது படிக்கிற தம்பி இருக்கிறான் என்று எழுதினீர்கள், அதனால் இதைச் சொல்கிறேன்.

டிப்ளமோவுக்குப் பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை உண்டு. அதற்கான கலந்தாய்வைக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்துகிறது. வேலை பார்த்துக்கொண்டே மாலையில் பகுதி நேர பி.இ. படிக்கவும் கோவை, சேலம் பக்கம் வழி இருக்கிறது. அந்தப் பேச்சு இப்போது வேண்டாம், கதவு இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

இப்போது பிளஸ் ஒன். இதை ஒதுக்கித் தள்ளிவிட முடியாது, ஒரு காரணம் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-லிருந்து இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. பத்தாவதோடு பள்ளியை விட்டு ஐடிஐக்கோ டிப்ளமோவுக்கோ போனால் அந்த உரிமை போய்விடும். மகளுடைய கனவு பி.இ.தான், அதுவும் நல்ல கல்லூரியில்தான் என்றால், அதே அரசுப் பள்ளியில் கணக்கு, இயற்பியல் பிரிவு எடுத்துப் பிளஸ் டூ முடிப்பது நல்ல வழி. இதை அவளிடம் உட்கார வைத்துச் சொல்லுங்கள். தெரிந்துகொண்டே விடுவது வேறு, தெரியாமல் இழப்பது வேறு.

காமர்ஸ் வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் இல்லை, அது நல்ல படிப்புதான். ஆனால் அந்தப் பிள்ளை அதைக் கேட்கவே இல்லையே. பள்ளியில் சொல்கிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள், காமர்ஸில் இடம் இருக்கும், அவ்வளவுதான். வேண்டுமானால் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பேசிக் மெக்கானிக்கல் என்ஜினீயரிங், பேசிக் எலக்ட்ரிக்கல் என்ஜினீயரிங் என்று பாடங்கள் உண்டு. பிளஸ் டூ சான்றிதழும் கிடைக்கும், அரசுப் பள்ளி உரிமையும் போகாது, பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டுக்கும் போகலாம். கொஞ்சம் கவனம் மட்டும் வேண்டும். செய்முறைக் கூடமும் அந்தப் பாடத்துக்கு ஆசிரியரும் உண்மையில் இருக்கிறார்களா என்று நேரில் பார்த்துவிட்டுச் சேருங்கள். பெயருக்கு நடக்கிற பிரிவில் சேர்ந்தால் இரண்டு வருடமும் மனப்பாடத்தில் போய்விடும்.

இன்னொன்று. நெசவுக் குடும்பம் என்று எழுதியதால் ஞாபகம் வந்தது. சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, மத்திய அரசு நடத்துவது. பத்தாவது முடித்தவர்களுக்குக் கைத்தறி, ஜவுளித் தொழில்நுட்பத்தில் மூன்று வருட டிப்ளமோ. உதவித்தொகையும் உண்டு. தறியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அங்கே பாதி பாடம் வீட்டிலேயே தெரிந்திருக்கும். தறி வேண்டாம் என்பதற்காகத்தான் வேறு பக்கம் அனுப்புகிறோம் என்று நீங்கள் நினைக்கலாம், அதில் நியாயமும் உண்டு. நெய்கிற கூலியும், சாயம், டிசைன், தரப் பரிசோதனை தெரிந்தவருடைய சம்பளமும் வேறு வேறு. அவளுக்கு மெஷின்தான் பிடிக்கும் என்றால் இதை விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்தவர் விஷயம். அவரிடம் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம். பத்தாவதுக்குப் பிறகு ஒரே வருடத்தில் கிடைக்கிற "டிப்ளமோ" பாலிடெக்னிக் டிப்ளமோ ஆகாது. அதைக் காட்டி எந்தக் கல்லூரியிலும் இரண்டாம் ஆண்டு சேர முடியாது, ரயில்வேயிலோ மின்வாரியத்திலோ விண்ணப்பிக்கவும் முடியாது. ஐடிஐ என்றால் மத்திய அரசின் தொழிற்பயிற்சி அங்கீகாரம் (என்.சி.வி.டி. என்பார்கள்) இருக்க வேண்டும். அதுவும் நிலையத்துக்கு இருந்தால் போதாது, நீங்கள் சேர்கிற அந்த டிரேடுக்கு இருக்க வேண்டும். நாலு டிரேடுக்கு அங்கீகாரம் வாங்கிவிட்டு ஐந்தாவதை இல்லாமலே நடத்துகிற இடங்களைப் பார்த்திருக்கிறேன். பாலிடெக்னிக் என்றால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) அனுமதியும் நம் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் இணைப்பும் வேண்டும். சந்தேகம் இருந்தால் பக்கத்து அரசு ஐடிஐ முதல்வர் அறைக்குப் போய் அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்வார்கள். வேலை நிச்சயம் என்று யார் சொன்னாலும், போன வருடம் முடித்தவர்களில் ஐந்து பேருடைய போன் நம்பர் கொடுங்கள் என்று கேளுங்கள். உண்மையான இடம் என்றால் தயங்காமல் கொடுப்பார்கள்.

செலவுக்கு வருவோம். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, காலணி எல்லாம் அரசு கொடுக்கிறது. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்குக்கே வரும். அது கல்லூரிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், ஐடிஐக்கும் பாலிடெக்னிக்குக்கும் உண்டு. அவள் பெயரில் கணக்கு இல்லையென்றால் இப்போதே ஆதாரோடு இணைத்து ஒன்று ஆரம்பித்துவிடுங்கள். சேர்க்கை சமயத்தில் போனால் வங்கியில் கூட்டம் நெரியும்.

படித்து முடித்ததும் நேராக ஏதாவது ஒரு பட்டறையில் கிடைத்த சம்பளத்துக்கு உட்கார்ந்துவிட வேண்டாம். அப்ரன்டிஸ் பயிற்சிக்கு, அதாவது தொழிற்சாலைக்குள்ளேயே உதவித்தொகையோடு வேலை பழகுகிற பயிற்சிக்கு, போகட்டும். 1961-ஆம் வருடத்துச் சட்டம் அது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனங்கள் அப்ரன்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். ஐடிஐ முடித்தவருக்கு மாதம் 7,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2019-இல் விதி போட்டார்கள், பல இடங்களில் அதற்கு மேலேயே தருகிறார்கள். பெரும்பாலும் ஒரு வருடம்தான். முடிவில் தேர்வு எழுதித் தேறினால் தேசிய அளவில் இன்னொரு சான்றிதழ் கிடைக்கும். திருச்சி பெல், நெய்வேலி, பொன்மலை ரயில்வே பணிமனை, பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை இதெல்லாம் அப்ரன்டிஸ் எடுக்கிற இடங்கள். ரயில்வேயில் அப்ரன்டிஸ் முடித்தவர்களுக்குக் கடைநிலைப் பணி நியமனத்தில் 20 சதவீத இடம் தனியாக வைத்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் பலர் இந்த ஒரு வருடத்தைச் சம்பளம் குறைவு என்று தட்டிக் கழிப்பார்கள். எனக்கு வருத்தமாக இருக்கும். ஐந்து வருடம் கழித்து அதே பிள்ளைகள் வந்து, "சார், அந்தச் சர்டிபிகேட் இருந்திருந்தா" என்று நிற்பார்கள்.

பெண்பிள்ளை என்பதைப் பற்றிக் கடைசியாக எழுதுவதால் அதைச் சின்ன விஷயமாக நினைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பயப்படுவதில் தவறில்லை. இரும்பு வேலைக்குப் பலம் வேண்டும் என்பது பழைய பேச்சு. பாரம் தூக்கக் கிரேன் இருக்கிறது, இன்றைக்கு மெஷினிஸ்டுக்கு வேண்டியது கண்ணும் கவனமும் பொறுமையும். கிருஷ்ணகிரி, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கில் பெண்கள் வேலை செய்கிறார்கள். ஆனால் அங்கே பலர் அசெம்பிளி லைனில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்கள். உங்கள் மகள் டிரேடு சான்றிதழோடு போனால் மெஷினை செட் பண்ணுகிற, பழுது பார்க்கிற இடத்துக்குப் போக முடியும். சம்பளத்திலும் மதிப்பிலும் வித்தியாசம் அங்கேதான் வருகிறது.

பாதுகாப்புக்குக் கேட்க வேண்டியவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள். அந்தப் பிரிவில் எத்தனை பெண்கள்? பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா, திறந்திருக்கிறதா? சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுகிறார்கள், அந்த நேரத்துக்குச் சென்னிமலைக்குப் பஸ் இருக்கிறதா? வேலைக்குப் போகும்போது, பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கிற எந்த நிறுவனத்திலும் பெண்கள் புகார் சொல்ல ஒரு உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013-லிருந்து சட்டமே இருக்கிறது. அந்தக் குழுவில் யார் யார் என்று முதல் நாளே அவள் தெரிந்துவைத்துக்கொள்ளட்டும்.

என் மகளாக இருந்தால் நான் என்ன செய்வேன் என்று கேட்டால், அரசு ஐடிஐயில் மெஷினிஸ்ட் அல்லது இரண்டு வருட சிஎன்சி டிரேடு. கிடைக்காவிட்டால் டர்னர், ஃபிட்டர். கூடவே அரசு பாலிடெக்னிக்குக்கும் ஒரு விண்ணப்பம் போட்டுவைப்பேன். இரண்டிலும் இடம் வந்தால் அவளையே முடிவெடுக்கச் சொல்லுவேன். கணக்குப் பிரிவோடு பிளஸ் ஒன் படித்து பி.இ. போக வேண்டும் என்று அவள் சொன்னால் மறுக்க மாட்டேன். இடம் மதிப்பெண் வரிசையில்தான் கொடுப்பார்கள், அதனால் விண்ணப்பத்தில் டிரேடு விருப்பத்தை ஒன்றோடு நிறுத்தாமல் நான்கைந்து வரிசையாகக் கொடுங்கள். கடைசி நாள் வரை இருக்க வேண்டாம்.

அதற்கு முன்னால், இந்த வாரமே ஒரு வேலை நாளில் ஈரோட்டு அரசு ஐடிஐக்குப் போய்வாருங்கள். சென்னிமலை ரோட்டிலேயே இருக்கிறது. முடிந்தால் கொழுந்தனாரையும் கூட்டிப்போங்கள், அவர் கண்ணால் பார்த்தால் பாதிச் சத்தம் குறையும். ஆபீஸில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பி வந்துவிடாதீர்கள். முதல்வரிடம் சொல்லி மெஷினிஸ்ட் பிரிவுக்குள் போங்கள். பயிற்சி நடக்கிற நேரத்தில் அரை மணி நேரம் நின்று பார்க்க விடுவார்கள். அங்கே இருக்கும் பயிற்சி அலுவலரிடம், பாப்பா பத்து நிமிடம் அரம் பிடித்துப் பார்க்கட்டுமா என்று கேளுங்கள். நான் இருந்தால் கட்டாயம் கொடுத்திருப்பேன். அவள் ராவும்போது நீங்கள் எதுவும் சொல்லாமல் தள்ளி நில்லுங்கள். பஸ்ஸில் வரும்போது அவளாகப் பேச ஆரம்பிக்கும் வரை கேட்கவும் வேண்டாம்.

போகிற அன்றைக்கு ஷூ போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள், துப்பட்டாவைப் பையில் வைத்துக்கொள்ளட்டும், தலைமுடியைப் பின்னிக் கொண்டையாகக் கட்டிவிடுங்கள். செருப்போடும் தொங்குகிற துணியோடும் வந்தால் பட்டறைக்குள் விடமாட்டார்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற பயிற்சி அலுவலர்